மலையில் ரூம் போடும் முன்: ஹோம்ஸ்டேயா, ஓட்டலா?

ஊட்டியில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் 14 வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோத்தகிரி பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே 3 அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். இரண்டிலும் கைப்பழக்கம் இருப்பதால், நீலகிரிக்கு வருகிறவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செங்கல்பட்டிலிருந்து 6 பேர் வருகிறோம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு முட்டிவலி, கூட இரண்டு பிள்ளைகள். வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்று ஹோம்ஸ்டே பார்க்கிறோம். சரிதானே?

சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் எத்தனை படி என்று கேளுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகள் சரிவில்தான் இருக்கும். கார் மேலே ரோட்டிலேயே நின்றுவிடும், வீடு கீழே தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும். போட்டோவில் ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிறது என்றால் அங்கே படி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு 31 படி இறங்க வேண்டும். தொடங்கின புதிதில் இதை நான் போனில் சொல்லுவதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு மழை நாளில் திருச்சியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். படியெல்லாம் பாசி. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் கணவர் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் தூக்கி இறக்கினார்கள். பாட்டி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தவர், கீழே வந்து சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திரும்ப ஏற வேண்டுமே என்ற பயத்தில் இரண்டு நாளும் எங்கேயும் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டார். மற்றவர்கள் தொட்டபெட்டா போய்விட்டு வந்து அவருக்குப் போட்டோ காட்டினார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் வாடகையைச் சொல்லும் முன்னால் படி எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது: கார் வாசல்வரை வருமா? தரைத்தளத்தில் அறை உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? சுடுதண்ணீர் எப்போதும் வருமா, காலையில் மட்டுமா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் 6 பேருக்கு ஹோம்ஸ்டேதான் சுகம். அடுத்தடுத்த இரண்டு அறை, நடுவில் ஹால், பிள்ளைகள் ஓடியாட முற்றம், பெரியவர்களுக்குக் கேட்ட நேரத்தில் கஞ்சி. இல்லையென்றால் ஓட்டல். ஆனால் அங்கேயும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத ஓட்டல்கள் ஊட்டியில் இன்னும் உண்டு.

கேள்வி: பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டே, காட்டேஜ் என்று பல பெயர் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

முதல் இரண்டும் ஒன்றுதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்திலேயே இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு அறையிலிருந்து 6 அறை வரை விடலாம், மொத்தம் 12 படுக்கையைத் தாண்டக் கூடாது, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். சில்வர், கோல்டு என இரண்டு தரம். மூணாறு, வயநாடு போகிறவர்கள் கேரள அரசின் டைமண்ட், கோல்டு, சில்வர் என்ற மூன்று தரத்தைப் பார்க்கலாம்.

காட்டேஜ் வேறு. 'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டிய பல இடங்கள் உண்மையில் காட்டேஜ்தான். உரிமையாளர் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார். கேர்டேக்கர் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். நண்பர்கள் கூட்டமாக வந்தால் அதுவே வசதி, யார் தொந்தரவும் இல்லை. குடும்பத்தோடு, அதுவும் முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ராத்திரி 1 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் எழுப்புவதற்கு அங்கே ரிசப்ஷனும் கிடையாது, வீட்டு அம்மாவும் கிடையாது. கண்டுபிடிப்பது சுலபம். போனில் "நீங்கள் அங்கேயேதான் இருக்கிறீர்களா? காலை டிபன் யார் செய்வார்கள்?" என்று கேளுங்கள். இழுத்துப் பேசினால் காட்டேஜ்.

காட்டை ஒட்டிய இடம் என்றால் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த பல ரிசார்ட்டுகளுக்கு 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். அந்த வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று அனுமதி இல்லாத இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஓட்டல்காரர்கள் இ.பி., சி.பி. என்கிறார்களே, அது என்ன?

இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. அறையும் காலை டிபனும். எம்.ஏ.பி. அதோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. மூன்று வேளையும். நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவர்கள் சி.பி. எடுத்தால் போதும்.

கேள்வி: ஹோம்ஸ்டே என்றால் மலிவாக இருக்கும் என்று நினைத்தேன். ஓட்டலைவிட அதிகம் கேட்கிறார்களே?

பல இடங்களில் அப்படித்தான். 40 அறை இருக்கிற ஓட்டலில் சமையலறை, துணி துவைக்கிற செலவு எல்லாம் 40ஆகப் பிரிந்துவிடும். 3 அறை வீட்டில் பிரிக்க ஆள் இல்லை. அதனால் வாடகையை மட்டும் பார்க்காமல் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஹோம்ஸ்டேயில் டிபன் சேர்ந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குப் போடாத வீடுகளும் உண்டு. ஓட்டலில் எக்ஸ்ட்ரா பெட், ரூம் ஹீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் பில் ஏறும். ஹீட்டருக்கும் கேம்ப் ஃபயருக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களும் தனியாக வாங்குவார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன வீட்டுக்காரர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் நடத்தலாம். அவர்களிடம் நேராக புக் செய்தால் வரி வராது, ஆப் வழியாகப் போனால் சேர்ந்துவிடும். ஆபீஸில் பில் காட்டிப் பணம் வாங்க வேண்டியவர்கள் ஓட்டலே போடுங்கள். எங்களைப் போன்ற வீடுகளில் ஜிஎஸ்டி பில் கிடைக்காது.

கேள்வி: வெள்ளிக்கிழமை வேலை முடித்து பெங்களூரிலிருந்து கிளம்புகிறோம். எந்த நேரம் வந்தாலும் ஹோம்ஸ்டேயில் கதவு திறப்பார்களா?

முதலில் காட்டில் கேட் திறக்க வேண்டும். பந்திப்பூர், முதுமலை ரோடு ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று சுற்றி வந்தால் நடுராத்திரி தாண்டிவிடும். அந்த நேரத்துக்கு ஓட்டல்தான் சரி. இல்லையென்றால் வெள்ளி ராத்திரி மைசூரில் படுத்துவிட்டு விடியற்காலை கிளம்புங்கள். இ-பாஸை மறக்க வேண்டாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வர அது வேண்டும். அரசுப் பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். ஓட்டலில் உங்கள் நேரத்துக்கு அவர்கள் நடப்பார்கள். மூன்று ஷிப்ட் ஆள் இருக்கிறது, நான் ராத்திரி 3 மணிக்கெல்லாம் சாவி கொடுத்திருக்கிறேன். வீட்டில் அப்படி முடியாது. எங்கள் வீட்டில் 9 மணிக்கு அடுப்பு அணையும், 10 மணிக்கு கேட் பூட்டுவோம். இருட்டினால் காட்டெருமை தேயிலைக்குள் இறங்கும் ஊர் இது, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. இரண்டு நாளில் எட்டு இடம் பார்க்க வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு ஓட்டல் பொருந்தும். ஒரே இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பனி விலகுவதைப் பார்க்கிறேன் என்கிறவர்களை நான் வீட்டுக்குத்தான் கூப்பிடுவேன்.

கேள்வி: நாங்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். ரூம் கொடுப்பார்களா?

தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2019 டிசம்பரில் கோவை விடுதி வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் வீட்டில் வயதானவர்கள் இருக்கும் ஹோம்ஸ்டேயில் தயங்குவார்கள். போனிலேயே சொல்லிவிட்டு வாருங்கள், வாசலில் நின்று சங்கடப்பட வேண்டாம். இருவருடைய அடையாள அட்டையும் வேண்டும். ஆதார் நகல் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் கொடுங்கள், அது போதும்.

கேள்வி: தனியாக வருகிறேன், பெண். எது பாதுகாப்பு?

வீட்டுக்காரர் குடும்பத்தோடு இருக்கும் ஹோம்ஸ்டே. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. புக் செய்யும் முன் அந்த வீட்டுப் பெண்மணியோடு ஒரு தடவை பேசுங்கள். அவர் குரலைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, டாய்லெட் அறைக்குள்ளேயேவா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தனியாக வரும் பெண்களை எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரச் சொல்லுவோம். பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், அறைக்கே கொண்டுவந்து தருவோம். பேச்சுத் துணையே வேண்டாம், யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கு மட்டும் ரிசப்ஷனில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிற ஓட்டல்.

கேள்வி: வாடகை வண்டியில் வருகிறோம். டிரைவர் எங்கே படுப்பார்?

இதைக் கேட்டதற்கு உங்களுக்குப் புண்ணியம். வழக்கமாக யாரும் கேட்பதே இல்லை. கொஞ்சம் பெரிய ஓட்டல்களில் டிரைவர்களுக்கு டார்மிட்டரி இருக்கும். ஹோம்ஸ்டேயில் பெரும்பாலும் இருக்காது, அவர் வண்டிக்குள்ளேயே படுப்பார். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், விடிகாலையில் கார் கூரை வெள்ளையாக இருக்கும். அந்தக் குளிரில் சீட்டைச் சாய்த்துப் படுத்த மனிதர்தான் மறுநாள் உங்களைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோக வேண்டும். ஹோம்ஸ்டே போடுவதென்றால் அவருக்கு டவுனில் ஒரு சின்ன ரூமுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டே சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

வீட்டைப் பொறுத்தது. நீங்கள் காலையிலேயே சொன்னால்தான் ராத்திரிச் சாப்பாடு தயாராகும். கறியும் மீனும் டவுனுக்குப் போய் வாங்கி வர வேண்டும். 7 மணிக்கு வந்து "சிக்கன் பிரியாணி கிடைக்குமா" என்றால் தோசைதான் கிடைக்கும். ஆனால் அந்தந்த ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் வீட்டில்தான். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு படுகர் குடும்பம் நடத்தும் வீட்டில் அவரை உதக்கா போடுவார்கள். அவரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, சூடாக ராகிக் களியோடு. நான் வேலை பார்த்த 14 வருடத்தில் ஓட்டல் மெனுவில் இதைப் பார்த்ததில்லை. குடகுப் பக்கம் போனால் கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையும் பன்றிக்கறியும் அப்படித்தான், வீட்டில் சாப்பிட்டால்தான் அந்த ருசி தெரியும்.

கேள்வி: முன்பணம் முழுவதும் ஜிபேயில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

முழுவதும் வேண்டாம். கால் பங்கு, சீசனில் பாதி. பணம் போடும் முன் வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், கூகுள் மேப்பில் இடம் இருக்கிறதா பாருங்கள், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் போலிப் பக்கங்கள் முளைக்கும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் எங்களோடு வருகிறது. ஏதாவது சிக்கல் உண்டா?

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்கு ஆன்லைனில் தெரிவிப்பது தங்க இடம் கொடுப்பவரின் கடமை. ஓட்டல்களுக்கு இது தினப்படி வேலை. சின்ன ஹோம்ஸ்டேக்களில் பலர் அதற்குப் பதிவே செய்திருக்க மாட்டார்கள். இதற்கான படிவத்துக்குப் பழைய பெயர் சி ஃபார்ம், 2025 செப்டம்பர் முதல் ஃபார்ம் 3. "அதைப் போடுவீர்களா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்கு அக்டோபர் கடைசியில்தான் லீவு. குன்னூர் பக்கம் வரலாமா?

வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் பலமாகப் பெய்யும் சமயம். மண் சரிந்து மலை ரயிலை ரத்து செய்வதும் நடக்கும், அதனால் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். கரண்ட் போகும். ஜெனரேட்டர் இருக்கிற ஓட்டல் என்றால் கவலையில்லை, ஹோம்ஸ்டே என்றால் இன்வெர்ட்டர் உண்டா, கீசர் கேஸா கரண்டா என்று கேளுங்கள். அந்த மாதத்தில் வெயிலே பார்க்காத கம்பளியில் ஒரு ஈர வாடை வரும், ஓட்டலானாலும் வீடானாலும். வந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் கம்பளியை முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் வேறு கேளுங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம். அடுப்படியில் காயவைத்த ஒன்று எப்போதும் உள்ளே இருக்கும்.