அப்லிவியன் என்றால் மறதியா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘அப்லிவியன்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதி ‘மறதி’ என்கிறது. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லையே! இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: ஒட்டாதுதான். மறதி, மறப்பவருக்கு வருவது. அப்லிவியனோ பெரும்பாலும் மறக்கப்பட்டவருக்கு நேர்வது. ஒரு காலத்தில் ஓஹோவென்று இருந்த பாடகரின் பெயரைச் சொன்னால் இன்று ‘யார் அது?’ என்கிறார்களே, அந்த நிலை. இதைச் சிலர் ‘அவர் மறதியில் ஆழ்ந்தார்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். படிப்பவர், பாவம், அவருக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்றல்லவா எடுத்துக்கொள்வார்! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. (தன்னினைவு இல்லாமல் கிடப்பதற்கும் இதே சொல் உண்டு. அது வேறு இடம்.)

லத்தீனில் இது ‘ஒப்லிவியோ’. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ஒப்’ என்றால் மேலே. அடுத்த பகுதியை ‘வழவழப்பான’ என்று பொருள்படும் ‘லேவிஸ்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதாவது, மேலே தேய்த்துத் தேய்த்து மழுங்கடிப்பது. என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய காசு கிடக்கிறது. வருஷம் போய்விட்டது, எழுத்தும் போய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு மூக்கின் மேடு மட்டும் தெரியும். யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. கை மாறி மாறியே தேய்ந்தது. இந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கு அந்தக் காசுதான் கண்முன் வரும்.

வேண்டுமென்றே மறப்பதற்கும் ஒருமுறை இந்தச் சொல் பயன்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து, இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பிய 1660இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. அதன் பெயரிலேயே ‘அப்லிவியன்’ உண்டு. 1649இல் அவர் தந்தையின் தலையை வெட்டவைத்தவர்கள் போன்ற சிலர் நீங்கலாக, மற்றவர்களின் குற்றங்கள் மன்னிக்கப்பட்டன. அதோடு விடவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பழைய சண்டையைக் கிளறும்படி ஒருவரை ஒருவர் ஏசினால் அபராதம்: பெரிய மனிதருக்கு 10 பவுண்டு, மற்றவருக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு! மறப்பதற்குக்கூடக் காவல் போடவேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘மறத்தல்’ என்றே போடலாம். உங்கள் வாக்கியத்தில் வருபவர் ஒரு மனிதர் என்றால், ‘சுவடு தெரியாமல் போனார்’ என்று எழுதிப் பாருங்கள்.