கடகடவென்று வாசிக்கிறாள், கேட்டால் முழிக்கிறாள்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் திக்காமல் வாசிக்கிறாள். ஆனால் வாசித்ததில் கேள்வி கேட்டால் முழிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்தால் இங்கிலீஷாவது தேறும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தமிழைக் குறைத்தால் கையில் இருக்கும் பிடியும் போய்விடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். "ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படாததால் குறுவை நடவு தள்ளிப்போனது." இந்த வரியை மகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, "அணையைத் திறந்தாங்களா, இல்லையா?" என்று கேளுங்கள். "திறந்தாங்க" என்று பதில் வந்தால் சிக்கல் எங்கே என்று பிடிபட்டுவிடும். அணை, குறுவை, நடவு எல்லாம் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாத சங்கதியா? கண் 'திறக்க' என்பதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தின் மேல் ஓடிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. திறக்க, படு, ஆத, து, ஆல் என்று பிரித்துப் பாருங்கள். 'படு' வந்ததால், திறப்பது அணை இல்லை, வேறு யாரோ. 'ஆத' வந்ததால் அது நடக்கவில்லை. 'ஆல்' வந்ததால் அடுத்து வருவது அதன் விளைவு. இங்கிலீஷில் இதையே 'பிகாஸ் இட் வாஸ் நாட் ஓபன்ட்' என்று இடம்விட்டு ஐந்து சொல்லாக எழுதுவார்கள். 'நாட்' தனியே நின்று கண்ணில் படும். தமிழில் அந்த 'இல்லை' ஒரு நெடிலுக்குள் பதுங்கிக்கொள்கிறது. வந்த தண்ணீர், வராத தண்ணீர். அந்த 'ரா'வைத் தவறவிட்டால் வயலே காய்ந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 'திறக்கப்படாததால்' என்று உங்கள் வீட்டில் யார் பேசுகிறார்கள்? 'தொறக்காததால' என்போம். பேச்சில் அவளுக்கு 'ஆத' நன்றாகத் தெரியும், எழுத்தில்தான் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் சொல்லின் துண்டுகளைப் பள்ளிக்கு முன்பே வாய்வழியாகக் கற்றுவிடுகிறார்கள். 1958-ல் ஜீன் பெர்க்கோ என்ற மொழி ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, 'இது வக், இப்போது இரண்டு...?' என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லுக்குப் பன்மை சொன்னார்கள். வாய்க்குத் தெரிந்த இந்த வித்தையைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் இனி உங்கள் வேலை. வீட்டுத் தமிழைக் குறைத்தால் எதைக் கொண்டுவருவது?

இலக்கணத்தில் ஆரம்பிக்காதீர்கள். நன்னூல் சொல்லும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறும் அருமையான கருவிகள்தான், ஆனால் நான்காம் வகுப்புக்கு அவற்றின் பெயர்கள் தேவையில்லை. தினமும் பத்து நிமிடம், செய்தித்தாளில் ஒரே ஒரு நீளச் சொல். பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்கட்டும். ஒரு துண்டை எடுத்துவிட்டால் அர்த்தம் என்ன ஆகிறது என்று அவளே சொல்லட்டும்.

அதைவிட நல்ல பாடம் அவள் போகும் பஸ்ஸிலேயே இருக்கிறது. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்தைத் தாண்டித்தானே தஞ்சாவூர் போகிறாள்? திருவையாற்றுக்குள்ளேயே 'ஐ' உட்கார்ந்திருக்கிறது. குடமுருட்டியில் உருட்டுவது குடமா, ஆறா என்று கேட்டுப் பாருங்கள், சண்டை போடுவாள். போடட்டும்.

சரி, இங்கிலீஷுக்கு இது உதவுமா? உதவும், ஆனால் துண்டுகள் அப்படியே போகாது. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் போகும். தமிழில் ஒட்டுவதெல்லாம் பெரும்பாலும் சொல்லின் வாலில். இங்கிலீஷில் 'அன்', 'ரீ' என்று தலையிலும் ஒட்டும். அதனால் 'அன்லாக்' என்ற சொல்லில் முன்னாலிருந்தே பார்க்கப் பழக்குங்கள். அப்புறம், உச்சரிப்பு மாறினாலும் இங்கிலீஷ் எழுத்து உறவை விடாது. 'சைன்' என்று எழுதும்போது ஒலிக்காமல் கிடக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்' என்ற சொல்லில் ஒலிக்கும். இதைக் காட்டினால் ஸ்பெல்லிங்கைத் தலைகீழாக மனப்பாடம் செய்கிற தொல்லை பாதி குறையும்.

ருசி கண்டுவிட்டால் எல்லாவற்றையும் பிரிப்பாள். 'பட்டர்ஃப்ளை'யில் வெண்ணெயைத் தேடுவாள், 'பூனை'யில் பூவைப் பறிப்பாள். திட்டாதீர்கள். 'இந்தத் துண்டு அர்த்தத்துக்கு உதவுதா?' என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். பிறகு அதே மாதிரி ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அவளைக் கேட்க மட்டும் சொல்லுங்கள். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் வாசிப்பில் மட்டும் இல்லை. காது கேட்கும் திறனையும் மொழி வளர்ச்சியையும் ஒரு பேச்சு-மொழிப் பயிற்சியாளரிடம் பரிசோதித்துவிடுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால்தான் நழுவுகிறது என்றால் பென்சிலைக் கீழே வைக்காதீர்கள்.