பட்டறைப் பதில்கள்: பிரேக் பைப்பில் ஒட்டு வேலை வேண்டாம்

கேள்வி: என்னிடம் பழைய மகேந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கும் வரைக்கும் தனுஷ்கோடி மணலில் ஆட்களை ஏற்றி ஓடிய வண்டி. அதற்குப் பிறகு கடல் தண்ணீரில் இறக்கியதே இல்லை. போன வாரம் பின் ஆக்சிலுக்கு மேலே பிரேக் பைப் வெடித்து, பெடல் அடிவரை போய்விட்டது. துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் பித்தளை யூனியன் வைத்து இணைத்துத் தருகிறேன் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். செய்யலாமா?
— ஜீப் உரிமையாளர், ராமேஸ்வரம்

பதில்: செய்யாதீர்கள். அந்த மாதிரி யூனியன் டீசல் லைனுக்கும் கிரீஸ் லைனுக்கும் உள்ளது. உள்ளே இருக்கும் சின்ன வளையம் பைப்பை நெரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்; அதன் பலம் அவ்வளவுதான். டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது பவுண்டு சொச்சம். குறுக்கே ஒரு மாடு வந்து, நீங்கள் முழு பலத்தோடு மிதிக்கும்போது பிரேக் பைப்புக்குள் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். பட்டறையில் நிறுத்திவைத்து நாலு மிதி மிதித்துப் பார்த்தால் யூனியன் கசியாது. அந்த ஒரு மிதியில்தான் பைப் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கேஸ் வெல்டிங் வைத்துப் பொத்தலை அடைக்கலாம் என்று இன்னொருவர் வருவார். அவரையும் அனுப்பிவிடுங்கள். பைப்பின் சுவர் முக்கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. துரு தின்றது போக மிச்சம் இருப்பதில் நெருப்பைக் காட்டினால், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த பொத்தல் விழும்.

வெடித்த இடத்தைவிட வெடிக்காத இடங்கள்தான் எனக்குக் கவலை. தண்ணீரில் இறக்கியதே இல்லை என்கிறீர்கள், ஆனால் பழைய உப்பு எங்கேயும் போய்விடவில்லை. சேஸிஸ் மடிப்பிலும், கிளிப்புகளுக்கு அடியிலும், ஆக்சில் மேல் இறுகிக் கிடக்கும் மண்ணிலும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தை ராத்திரியெல்லாம் இழுத்துப் பைப்பை நனைத்துக்கொண்டே இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றி, அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகச் சுரண்டுங்கள். செதில் செதிலாக உரிந்தாலோ, குழி குழியாகத் தெரிந்தாலோ அந்தப் பைப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று விடாதீர்கள். பெயின்டுக்கு அடியில் தூளாகிப்போன பைப்புகளை நிறையக் கழற்றியிருக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எத்தனை பைப் கிளம்புகிறது? ஒன்றே ஒன்று என்றால் உங்களுடையது ஒற்றை சர்க்யூட். எங்கே ஒரு பொத்தல் விழுந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இரட்டை சர்க்யூட்டைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. நம் ஊர்ப் பழைய ஜீப்புகள் பல இன்னும் ஒற்றைக் குழாயை நம்பி ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு துண்டை மட்டும் மாற்றுவது உயிரோடு விளையாடுவது. முன்னும் பின்னும் எல்லாப் பைப்பையும், சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பழைய நட்டைக் கழற்றச் சாதாரண ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். பைப்புக்கு வழிவிட்டு மற்றப் பக்கமெல்லாம் கவ்விப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் மல்லுக்கட்ட வேண்டாம். எப்படியும் தூக்கி எறியப்போகிற பைப்தானே, நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறு முனை சாக்கெட் போட்டுத் திருப்பினால் வந்துவிடும். கழற்றிய பைப்பை மட்டும் புது வேலை முடியும் வரை குப்பையில் போடாதீர்கள். எங்கே வளைகிறது, எவ்வளவு நீளம் என்பதற்கு அதுதான் அச்சு.

புதுப் பைப் 3/16 இன்ச், இரட்டைச் சுவர் ஸ்டீல். ஹாக்ஸா பிளேடு போட்டு அறுக்காதீர்கள், பொடி உள்ளே போகும். சின்னப் பைப் கட்டரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சுற்றி வெட்டி, உள்வாயிலிருக்கும் பிசிறை எடுத்துவிடுங்கள். அடுத்து, பைப்பின் வாயை விரித்து ஃப்ளேர் அடிப்பதற்கு முன்னாலேயே நட்டைப் பைப்பில் மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு நட் ஏறாது.

ஃப்ளேர் கண்டிப்பாக டபுள் ஃப்ளேர்தான். ஃப்ளேர் கருவியில் பைப்பைப் பிடிக்கும் பட்டையில், அதோடு வரும் அடாப்டரின் விளிம்பு உயரத்துக்குச் சரியாகப் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடாப்டரை வைத்துத் திருகினால் முனை உப்பி, உள்பக்கம் மடங்கத் தொடங்கும். அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பை மட்டும் வைத்துத் திருகினால், தையல்காரர் துணி ஓரத்தை மடித்து அடிப்பதுபோல் இரண்டு மடிப்பாக உட்கார்ந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ வெட்டிப் போட்டுவிட்டு மறுபடியும் அடியுங்கள். ஒற்றை மடிப்பு ஃப்ளேர் ஸ்டீல் பைப்பில் பிளந்துவிடும். அதேபோல, பிற்கால வண்டிகளில் வரும் உருண்டை வாய் ஃப்ளேர் வேறு வகை. அதையும் இதையும் கலந்து மாட்டி, கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் பைப் வாய் உட்காரும் சீட்டிங் போய்விடும். மரையும் அப்படித்தான், பழைய ஜீப்பில் பெரும்பாலும் இன்ச் மரை, புது வண்டியில் மில்லிமீட்டர் மரை. நட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றிப் பாருங்கள். கையில் ஏறாத நட்டுக்கு ஸ்பேனர் போடக்கூடாது.

மாட்டும்போது ஓரடிக்கு ஒரு கிளிப். புகைக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது, ஸ்பிரிங் அமுங்கும்போது எங்கேயும் உரசக்கூடாது.

கேள்வி: ஏசி மெக்கானிக்கிடம் செம்புப் பைப் கிடைக்கிறது. கையாலேயே வளைகிறது, துருவும் பிடிக்காது. அதையே பிரேக்குக்குப் போட்டால் என்ன?
— வாசகர், போடி

பதில்: போடக்கூடாது. ஏசி பைப் மிருதுவான வெறும் செம்பு. ஜீப்பின் அதிர்விலேயே நாளாக நாளாக இறுகி, கிளிப் போட்ட இடத்திலோ ஃப்ளேருக்குப் பின்னாலோ கீறல் விடும். துரு போல முன்கூட்டியே கண்ணில் படவும் செய்யாது. துருப்பிடிக்காத பைப் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்குச் செம்போடு பத்து சதவீதம் நிக்கல் கலந்த பிரேக் பைப் இருக்கிறது. வால்வோ கார்களில் 1970-களிலிருந்தே போடுகிறார்கள். ஸ்டீலைவிடச் சுலபமாக வளையும், ஃப்ளேரும் அழகாக விழும். எல்லா ஸ்பேர்ஸ் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். பிரேக்குக்கென்றே செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். முதல் கேள்வி கேட்ட ராமேஸ்வரம் நண்பருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கடலோரத்தில் கூடக் கொடுக்கும் காசு வீண்போகாது.

கேள்வி: எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். அட்டகட்டி தாண்டி ஆழியாறு பக்கம் இறங்கும்போது, கல் அடித்துப் பின் பைப் உடைந்துவிட்டது. கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். கூட வந்தவர் பைப்பை வெட்டி, மடக்கி, கல்லால் நசுக்கி, பிரேக் ஆயில் ஊற்றி, முன் பிரேக்கை மட்டும் வைத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். இது சரியான முறையா?
— ஓட்டுநர், வால்பாறை

பதில்: வண்டியை நிறுத்திய விதம் சரி, தம்பி. பெடலை வேகவேகமாக மிதித்துப் பார்ப்பது, நியூட்ரலுக்குப் போகாமல் ஒவ்வொரு கியராக இறக்குவது, பள்ளத்தை விட்டு மலைப்பக்கம் உரசவிடுவது, இந்த வரிசைதான் ஆளைக் காப்பாற்றும். ஹேண்ட் பிரேக்கையும் மறக்க வேண்டாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். கம்பியில் இயங்குவதால் ஆயில் போனாலும் வேலை செய்யும். வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் ஜாயின்ட் முறிந்துவிடும். கியரில் வேகம் குறைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

அதற்குப் பிறகு செய்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மடக்கி நசுக்கிய பைப் மடிப்பிலேயே கீறியிருக்கும். அதை நம்பி, இரண்டு சக்கர பிரேக்கோடு ஆழியாறு வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருக்கிறீர்கள். முன் டிரம் இரண்டும் மொத்தச் சுமையையும் தாங்கிக் கொதித்திருக்கும். காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் வண்டியைப் பக்கத்துச் சமதளத்துக்கு நகர்த்த மட்டும் இந்த வித்தை உதவும், அதுவும் ஆளை இறக்கிவிட்டு, ஃபோர் வீல் லோவில், முதல் கியரில். அதற்கும் நசுக்கல் வேலை தேவையில்லை. உங்கள் வண்டிக்கு ஏற்ற நட் ஒன்றில் இரண்டு அங்குலப் பைப்பை ஃப்ளேர் அடித்து, மறுமுனையை மடித்து பிரேசிங் வைத்து அடைத்து டூல்ஸ் பையில் போட்டுவையுங்கள். உடைந்த பைப்பை அது பிரியும் T வடிவ இணைப்பில் கழற்றிவிட்டு இதை மாட்டினால் அந்த வழி அடைபடும். மலை இறங்குவதற்கு அல்ல. நிறுத்திய இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போய்ப் பைப் வாங்கி வந்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் திட்டினால் திட்டட்டும்.

கேள்வி: எல்லாப் பைப்பும் புதிது. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றப் பலமுறை ஏர் எடுத்தாயிற்று. ஆனாலும் முதல் மிதியில் பெடல் கீழே போகிறது, இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது.
— வாசகர், கூடலூர்

பதில்: மேலே வந்த பெடல் கல் மாதிரி நிற்கிறதா, பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? கல் மாதிரி நின்றால் அது ஏர் இல்லை. பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, ஷூ அட்ஜஸ்ட் செய்யுங்கள். சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, உரசல் நிற்கும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். இதைச் செய்யாமல் டப்பா டப்பாவாக ஆயிலைக் கொட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பஞ்சு மாதிரி இருந்தால் ஏர்தான். பைப்பை வளைக்கும்போது எங்கேயாவது மேல்நோக்கி ஒரு கூன் விட்டிருந்தால் காற்று அங்கேயே தங்கிவிடும், அதை நேராக்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் உள்ளே ஓடும் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதி துருவேறிக் கிடக்கும். அடிவரை மிதித்தால் வாஷர் அங்கே போய்க் கிழிந்து, புதுப் பைப் போட்ட மறுநாள் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது என்று நிற்பீர்கள். டிஸ்க் உள்ள ஜிப்ஸியில் வேறு ஒரு சிக்கல் வரும். டிஸ்கைக் கவ்வும் கேலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால், ஏர் வெளியேறும் பிளீடர் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், எத்தனை தடவை எடுத்தாலும் ஏர் போகாது.

கேள்வி: பிரேக் ஆயில் ஊற்றும் மூடியில் டாட் 3 என்று இருக்கிறது. கடையில் டாட் 4 தான் கொடுத்தார்கள். ஊற்றலாமா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: தாராளமாக ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் குடித்த பிறகு அதுவே 140, 155 என்று இறங்கிவிடும். மலை இறங்குகிற உங்களுக்கு டாட் 4 நல்லதே. டாட் 5 மட்டும் சிலிக்கான், இவற்றோடு கலக்கக்கூடாது. அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர், ஹோஸ் எல்லாம் ஊதிப்போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். திறந்து மாதக்கணக்கில் கிடக்கும் டப்பாவை உபயோகிக்க வேண்டாம். பெயின்டில் சிந்தினால் துடைத்து நிறுத்தாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.