கிராக், பாமினி, கல்வெட்டு – கடிதம்

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணத்தில் சின்ன டிசைன் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடுகிற புத்தகம்), இவைதான் வேலை. எல்லாரையும் போல காசு கட்டாமல் கிராக் போட்ட போட்டோஷொப்பும், பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கரும்தான் பாவிக்கிறேன். மனம் உறுத்துகிறது. ஆனால் டாலர் விலை கட்டாது, அதனால்தான் மாற முடியவில்லை. நிரல் எழுதத் தெரிந்த நண்பன் ஒருவன் இருக்கிறான். நாங்களே தமிழுக்கென்று ஒரு டிசைன் மென்பொருள் செய்தால் இலங்கையில் விற்குமா? அல்லது ஏஐ வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பேஜ்மேக்கர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கொஞ்ச நாளாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதே அதுதான், ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

ஏஐயை விடுங்கள். உறுத்தலுக்கும் என்னிடம் மருந்தில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் சேர்த்துத்தான் காக்கிறது. தெரிந்துகொண்டே செய்கிறீர்கள். பாவமன்னிப்புக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

விலைக் கணக்கையும் முடித்துவிடுவோம். அமெரிக்க விலைப்படி போட்டோஷொப் மட்டும் மாதம் 22.99 டாலர். டாலரை 300 ரூபா என்று வைத்தாலும் 6,900 ரூபா. வரைகிற இல்லஸ்ட்ரேட்டர், பக்கம் அமைக்கிற இன்டிசைன் இரண்டையும் சேர்த்தால் 20,000 தாண்டும். 2022இல் டாலர் 200இலிருந்து 360க்கு ஏறியபோது, அன்றைய 20.99 டாலர் சந்தா 4,200 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவானது. அழைப்பிதழின் விலையை அந்த வேகத்தில் யார் ஏற்ற முடியும்? கட்டுவதாக முடிவெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆண்டுச் சந்தா, மாதக் கட்டணம்’ என்பதைத் தெரிவு செய்துவிட்டு 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால், மிச்ச மாதங்களுக்கான காசில் பாதியைப் பிடிப்பார்கள். கல்யாண மாதங்களில் மட்டும் வேலை குவிகிற கடைக்கு, விலை கூடினாலும் மாதாமாதம் எடுக்கிற திட்டமே தோது.

ஆனால் விலை கட்டாததால்தான் மாற முடியவில்லை என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. வரைவதற்கு இங்க்ஸ்கேப், கிரிட்டா, பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் எல்லாம் எத்தனையோ வருடமாக இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தெருவில் எத்தனை கடையில் அவை ஓடுகின்றன? சும்மா கொடுத்தும் எடுக்க ஆளில்லாத இடத்தில் விலையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

உங்களைப் பிடித்து வைத்திருப்பது பழைய கல்வெட்டுக் கோப்பு. ஒரு வீட்டார் வருவார்கள், 31ஆம் நாளுக்குள் புத்தகம் கையில் வேண்டும். நீங்கள் போன கல்வெட்டைத் திறந்து படம், பெயர், வம்சாவளி மூன்றையும் மாற்றுவீர்கள். தேவாரப் பக்கங்களைத் தொடாமல் அப்படியே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புவீர்கள். அந்தத் தேவாரம் பாமினியில் தட்டியது, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிற பழைய எழுத்துருவில். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் அது எந்த மொழியும் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் திறக்கலாம், அதற்குப் பிறகு சந்தாவாக வந்த சிசி பதிப்புகள் திறக்காது. சட்டப்படி புதிய இன்டிசைன் வாங்கினால் உங்கள் பழைய கோப்புகள் உங்களுக்கே திறக்காது, தம்பி. இந்த நிலைமையில் கிராக் மலிவு என்பதைவிட, கிராக்கை விட்டால் வேலை நின்றுவிடும் என்பதுதான் உண்மை.

‘அடோபியில் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) உடையும்’ என்று கடைக்குக் கடை சொல்லித் திரிகிறார்களே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். 2012இல் வந்த சிஎஸ்6இலேயே அதற்கு வழி இருக்கிறது. இன்டிசைனில் எழுத்துகளைத் தெரிவு செய்து, பராகிராப் பேனலின் மெனுவைத் திறந்து, வேர்ல்ட்-ரெடி பராகிராப் கம்போசரைத் தொடுங்கள். அதைத் தொடாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்த ஒரு தெரிவைத் தேடாமல் பத்து வருடத்துக்கு மேலாகப் பாமினியிலேயே தட்டிக்கொண்டிருக்கிறோம். சோம்பல் என்று சொன்னால் கோபிப்பீர்கள், கோபியுங்கள்.

பழைய பாமினியை யூனிகோடாக மாற்றும்போது கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கன்வெர்ட்டரில் போடாதீர்கள். இடையில் ஆங்கிலத்தில் கிடக்கிற முகவரிகூடத் தமிழ்க் குப்பையாகிவிடும். எது தமிழ் என்று கோப்புக்குத் தெரியாது, எழுத்துருவின் பெயர் ஒன்றுதான் அடையாளம். சிஎஸ்6இல் திறந்து, ஃபைன்ட்/சேஞ்ச் பெட்டியில் எழுத்துரு பாமினி என்று கொடுத்துத் தேடி, அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் மிஞ்சும். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் தட்டியவர் ரகரத்தைத் தட்டியிருப்பார். அச்சில் ‘மாலை’ போலவே தெரிந்தது, மாற்றினால் ‘மரலை’ ஆகும். ‘கௌ’வின் கடைசிப் பகுதியில் ளகரம் உட்கார்ந்திருக்கும். இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். தேவாரம் என்பதால் ஒருமுறை திருத்தினால் போதும், எல்லாக் கல்வெட்டுக்கும் அதுவே உதவும்.

காசில்லாமல் வேலை நடக்க வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6ஐ எடுங்கள். 2024 ஜனவரியில் வந்தது. பழைய 1.4இல் தமிழ் உடையும், அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஒழுங்காக வரும், ஆனால் அதன் நிறம் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறமுறை. அங்கே போட்ட கறுப்பு எழுத்தை அச்சகத்தில் அச்சு மைகளுக்கான சிஎம்வைகேயாக மாற்றினால், போட்டோஷொப்பின் வழக்கமான அமைப்பில் சயன் 75, மஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையாகப் பிரியும். பிளேட் மயிரிழை விலகினாலும் 8 பொயின்ட் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கும். ஆகவே அலங்காரத்தை இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள், எழுத்தை ஸ்கிரைபஸில் கறுப்பு 100, மற்றவை பூச்சியம் என்று வைத்துப் போடுங்கள். சுற்றிவர 3 மில்லிமீற்றர் பிளீட் (வெட்டும்போது போகிற மிகை ஓரம்) விட்டு, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அனுப்புமுன் பிரிண்ட் பிரிவியூவில் கறுப்பைத் தவிர்த்து மற்ற மைகளைப் பாருங்கள். எழுத்தின் நிழல் எதிலாவது தெரிந்தால் எங்கோ பிழை.

பிளேட் அடிப்பவர் ‘கோரல் ஃபைல் தா’ என்பார், அதாவது கோரல்டிராவில் திருத்தக்கூடிய திறந்த கோப்பு. கொடுக்காதீர்கள். அவருடைய கணினியில் எழுத்துரு மாறி ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போனால், வீட்டாரிடம் பேச்சு வாங்குவது நீங்கள்தான். இப்படித் திறந்த கோப்பைக் கேட்டு வாங்குகிற வழக்கத்தால்தான் ஊர் முழுவதும் ஒரே கிராக் பதிப்பில் நிற்கிறது. ஒருவர் தனியாக மாறினால் அவருடைய கோப்பை அடுத்தவரால் திறக்க முடியாது.

உங்கள் கேள்வியை மறக்கவில்லை. நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடி 17 இலட்சம், அதில் தமிழ் பேசுகிறவர்கள் நான்கில் ஒரு பங்கு. அதற்குள் டிசைன் கடைகளை எண்ணி, அதற்குள் காசு கொடுப்பவர்களை எண்ணினால் முழு மென்பொருள் செய்ய உங்களுக்கே மனம் வராது. சின்னக் கருவி செய்யுங்கள். தடித்த எழுத்தும் பத்தி அமைப்பும் குலையாமல் பாமினியை யூனிகோடாக்கும் இன்டிசைன் பிளகின் ஒன்று, அதுவே ஸ்கிரைபஸுக்கு ஒரு ஸ்கிரிப்ட். தமிழ்நாட்டிலும் விற்கலாம், ஆனால் அங்கே வானவில், ஸ்ரீலிபி என்று வேறு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வேண்டும். வெளிநாட்டுக் காசைப் பேபாலில் வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், நீண்ட காலம் இலங்கைக் கணக்கில் காசு அனுப்ப மட்டுமே முடிந்தது, இப்போது பெற முடிகிறதா என்று முதலில் விசாரியுங்கள். உங்களுக்குப் பதிலாக விற்று, வரியைக் கழித்து, மிச்சத்தை வங்கிக்கு அனுப்புகிற முகவர் தளங்கள் இருக்கின்றன. அவர்களுடைய தரகையும் சேர்த்து விலை வையுங்கள்.

நண்பர் முதலில் எழுத வேண்டியது அந்த ரகரம்–துணைக்கால் குழப்பத்தைப் பிடிக்கிற பகுதி. கன்வெர்ட்டர் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. ‘மரலை’யைக் கண்டு சிவப்புக் கோடு போடுவதாக இருந்தால் மட்டும் காசு கேளுங்கள்.