துணி வளையத்தில் முடிச்சு நழுவுகிறதா?

வணக்கம் சகோதரி. அலங்காரமாக மாட்டும் 10 அங்குலக் கம்பி வளையத்தில் பிளவுஸ் வெட்டுத்துணிகளை முடிச்சிட்டால், மாட்டியதும் எல்லாம் கீழே சரிந்து மேல்பக்கம் மொட்டையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் முடிச்சில் குறை இல்லை. வெறும் கம்பி வழவழப்பானது, துணிக்கு அங்கே பிடிமானமே கிடையாது.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் ஒரு அங்குல அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, கம்பியை இறுக்கமாகச் சுற்றி, இரு முனையையும் ஃபெவிகாலால் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு முடிச்சைப் போட்டுப் பாருங்கள், போட்ட இடத்திலேயே நிற்கும்.

முடிச்சிடும் வெட்டுத்துணித் துண்டு 1 அங்குல அகலம், 6 அங்குல நீளம் போதும். பத்துப் பத்தாக முடிந்ததும் விரலால் நெருக்கித் தள்ளுங்கள், கம்பி கண்ணில் படவே கூடாது. இதற்கு நூறு துண்டுக்கு மேலேயே பிடிக்கும், அதனால் முதலிலேயே வெட்டிக் குவித்துக்கொள்ளுங்கள்.

பட்டும் சிந்தெடிக்கும் நழுவும், நூலும் பிரியும். அவற்றை இரட்டை முடிச்சாக, இரண்டு பருத்தித் துண்டுகளுக்கு நடுவில் வையுங்கள். உங்களிடம் உள்ள அந்த மாம்பழ மஞ்சள் பட்டுத் துணியை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் அள்ளும்!