30 சதவீதம் என்றாலும் எழுத ஆள் கேட்கலாம்

உங்கள் தங்கைக்குக் கை நடுக்கம், மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 30 சதவீதம்தான், 40 இல்லாததால் தேர்வெழுத ஆள் தர முடியாது என்று சென்னைக் கல்லூரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு. எழுத ஆள் கேட்க அந்த வரம்பு கூடாது என்று 2021இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வழக்குப் போட்ட விகாஸ் குமாருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும்; சான்றிதழில் வெறும் 6 சதவீதம்! 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் சொல்லப்பட்டிருந்தது.

எழுதுவதில் சிரமம் இருப்பதாக அரசு மருத்துவமனையில் தனிச் சான்று வாங்குங்கள். அப்புறம் தங்கை பெயரிலேயே கல்லூரி முதல்வருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை பெறுங்கள். வாய்ப்பேச்சு போதாது. மறுத்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையிலேயே இருக்கிறார், அவரிடம் புகார் கொடுங்கள்.