போட்டோ உங்களுடையது, அளவுகள் யாருடையவை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஃபவுண்டன் பேனாக்களை வாங்கிச் சரிசெய்து இணைய ஏலத்தில் விற்கிறேன். இதே மாடல்களை விற்கும் இன்னொருவர் என் ஏலப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். போட்டோக்களை மட்டும் இடவலமாகத் திருப்பியிருக்கிறார். அதனால் பேனா உடலில் பொறித்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகின்றன. மூடி விளிம்பில் இருக்கும் மயிரிழை விரிசலும் அப்படியே இருக்கிறது. விவரக் குறிப்பில் 138 மில்லிமீட்டர் என்பதை 183 என்று தவறாக அடித்துவிட்டேன். அந்தப் பிழைகூட அவர் பக்கத்தில் இருக்கிறது. நிப் க்ளோசப், எழுதிக் காட்டிய தாள், பழுதுபார்த்த விவரம் என்று நான் தரும் வரிசையையும் இப்போது தன் எல்லா ஏலங்களிலும் பின்பற்றுகிறார். அவர் விற்கும் எல்லாவற்றின் மீதும் காப்புரிமைப் (காப்பிரைட்) புகார் கொடுத்து அக்கவுன்ட்டையே மூட வைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? நஷ்டஈடு கேட்க முடியுமா? என் குறிப்பில் ஒரு பத்தி, பேனா கம்பெனியின் பழைய விளம்பரத் தாளிலிருந்து எடுத்தது. அதனால் சிக்கல் வருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புகார் கொடுங்கள். போட்டோக்களுக்கும், குறிப்பில் நீங்களே எழுதிய வாக்கியங்களுக்கும் கொடுங்கள். அவர் விற்கும் மற்ற பேனாக்கள் மீது கொடுக்காதீர்கள். உங்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அந்தக் கோபம் எதன் மீது பாயலாம் என்பதில் உங்கள் நண்பர்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். புதுப் பொருள் என்றால் ஆயிரம் பேர் ஒரே கம்பெனிப் படத்தைப் போட்டு விற்கலாம், எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரே சாமான்தான். பழைய பேனா அப்படி இல்லை. அந்த விரிசல் உலகத்தில் ஒரே ஒரு மூடியில்தான் இருக்கிறது. அதன் போட்டோவைப் போடுகிறவர், ‘இந்தப் பேனா என் கையில் இருக்கிறது, இதைத்தான் அனுப்புவேன்’ என்று வாங்குபவரிடம் சொல்கிறார். அவர் கையில் இருப்பதோ வேறு பேனா. நானும் ஏலத்தில் பழைய பொருள் வாங்குகிறவன். படத்தை நம்பித்தான் விலையை ஏற்றுகிறேன். ஆகவே உங்கள் உரிமை பறிபோனது என்பதற்கும் முன்னால், இது வாங்குபவரிடம் சொன்ன பொய். பயன்படுத்திய பொருட்களுக்கு, சில வகைகள் தவிர, அந்தப் பொருளையே எடுத்த போட்டோதான் வேண்டும் என்பது ஈபே போன்ற தளங்களின் விதியும்கூட. தவறான லிஸ்டிங் (விற்பனைப் பக்கம்) என்று தனியாகப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. காப்புரிமை நோட்டீஸோடு அதையும் கொடுங்கள். இரண்டையும் ஒரே புகாரில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இனி போட்டோவின் உரிமை. சும்மா ஒரு பொருளைப் படம் எடுத்ததற்கெல்லாம் உரிமையா என்று அவர் கேட்கலாம். இந்தக் கேள்வி மிகப் பழையது. 1884-இல் ஆஸ்கர் வைல்டின் போட்டோ ஒன்றை ஒரு அச்சு நிறுவனம் அனுமதியின்றி அச்சடித்து விற்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆளை எப்படி உட்கார வைப்பது, எந்தத் துணி, எந்தப் பின்னணி, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று எடுத்தவர் முடிவு செய்திருக்கிறார், ஆகவே அது அவர் படைப்பு என்றது. நீங்கள் பேனாவைக் கருப்புத் துணிமேல் வைத்து, பொறித்த எழுத்து தெரியும்படி பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு எடுத்திருந்தால் அதே கதைதான். படத்தைத் திருப்பினாலும் ஓரத்தை வெட்டினாலும் உரிமை மாறாது. ஆனால் தபால்தலையையோ பழைய தபால் அட்டையையோ ஸ்கேனரில் வைத்து அச்சு அசலாக எடுப்பது வேறு. காப்புரிமை முடிந்துபோன ஓவியங்களை உள்ளது உள்ளபடி எடுத்த படங்களுக்குத் தனி உரிமை இல்லை என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1999-இல் சொன்னது. தபால்தலை விற்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஸ்கேனை வைத்துச் சண்டைக்குப் போகுமுன் யோசிக்கவும்.

அடுத்தது அந்த 183. அது கையும் களவுமாகப் பிடித்த சாட்சி என்று நினைக்கிறீர்கள். சாட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் காப்பி அடித்தார் என்று நிரூபிப்பது வேறு, காப்புரிமையை மீறினார் என்று நிரூபிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளாததால்தான் ஏல விற்பனையாளர்களின் சண்டைகளில் பாதி வீணாகப் போகின்றன. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு சின்ன டெலிபோன் கம்பெனி, தன் டைரக்டரியை யாராவது திருடினால் பிடிப்பதற்காகவே சில பொய்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது. இன்னொரு நிறுவனம் வெளியிட்ட டைரக்டரியில் அவற்றில் நான்கு பெயர்கள் அப்படியே வந்தன. காப்பி அடித்தது உறுதி. 1991-இல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் ஜெயித்தது காப்பி அடித்தவர்தான். பெயர், ஊர், எண் ஆகியவை வெறும் தகவல்கள். அவற்றை அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை. எவ்வளவு பாடுபட்டுச் சேகரித்தாலும் அந்தப் பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம்.

பேனாவின் நீளமும் எடையும் அந்த மாதிரிதான். நீங்கள் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தீர்கள், அவர் உட்கார்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டார். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அது தகவல். ‘நீளம் 138 மி.மீ., 14 காரட் நிப், ரப்பர் பை மாற்றப்பட்டது’ என்ற வரியை இந்தப் பேனாவை விற்கும் யாருமே ஏறக்குறைய இப்படித்தான் எழுத முடியும். ‘நிப் மேல்நோக்கிய கோடுகளில் லேசாகக் காகிதத்தைப் பிடிக்கும், கீழே இறங்கும்போது மசியைத் தாராளமாக விடும். அவசரமாக எழுதுகிறவர்களுக்கு ஒத்துவராது, நிதானமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் கீழே வைக்க மாட்டார்கள்’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அது உங்கள் எழுத்து. அதை அவர் எடுத்தால் அது மீறல். உங்கள் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, வேறு ஒருவர் இதே பேனாவைப் பார்த்து இதே வார்த்தைகளில் எழுதுவாரா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பாருங்கள். எழுத மாட்டார் என்று நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய வரிகள் மட்டும் புகாருக்குப் போகட்டும்.

நிப், எழுதிய தாள், பழுதுபார்த்த விவரம் என்ற வரிசையை விட்டுவிடுங்கள். அது ஒரு விற்கும் முறை. காப்புரிமை முறைகளுக்குக் கிடையாது. எழுதிக் காட்டும் பழக்கத்தை அவரும் எடுத்துக்கொண்டால் வாங்குபவர்களுக்கு நல்லதுதானே. அதேபோல அவர் அதே மாடல் பேனாக்களை விற்பதையும் தடுக்க முடியாது.

இனி, எல்லாவற்றின் மீதும் புகார் என்ற யோசனை. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தை ஒட்டித்தான் பெரிய ஏலத் தளங்களின் புகார் முறை நடக்கிறது. ஈபேயில் அதற்கு வெரோ என்று தனித் திட்டமே உண்டு. உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தால் தளம் அந்த லிஸ்டிங்கைச் சீக்கிரம் தூக்கிவிடும், யார் சொல்வது நியாயம் என்று முதலில் விசாரிக்காது. தூக்கப்பட்டவர் எதிர் நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அதைத் திரும்பப் போட வேண்டும். ஈபேயில் ஒரு ஏலம் அதிகபட்சம் 10 நாள்தான் ஓடும். அதாவது, பொய்யான புகாராக இருந்தாலும் அந்த ஏலம் செத்துவிடும். வந்த கேள்விகளும் ஏலக் கேட்புகளும் போய்விடும். இந்தக் கணக்கு தெரிந்தே போட்டியாளர்களை முடக்க நோட்டீஸ் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேரக் கூடாது. தெரிந்தே பொய்யாக உரிமை கொண்டாடினால் எதிராளியின் நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டிவரும் என்று அதே சட்டம் சொல்கிறது.

கொலராடோவில் ஒரு தம்பதி ஈபேயில் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். எர்டே என்ற ஓவியரின் படங்களைக் கேலியாக மாற்றிப் போட்ட துணி அது. அந்தப் படங்களின் உரிமையாளர்கள் சார்பில் வெரோ நோட்டீஸ் போனது, ஏலம் நின்றது. தம்பதி சும்மா இருக்கவில்லை, வக்கீல்கூட வைக்காமல் தங்கள் மாநிலத்திலேயே வழக்குப் போட்டார்கள். ‘நாங்கள் கொலராடோவுக்கே வந்ததில்லை, அங்கே எப்படி எங்கள் மேல் வழக்கு நடக்கும்?’ என்றது எதிர்த்தரப்பு. நடக்கும் என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸ் ஈபேக்குப் போனாலும் குறி அந்தத் தம்பதியின் வியாபாரத்தின் மீதுதான் என்பது அதன் வாதம். ஆக, நீங்கள் அனுப்பும் நோட்டீஸ் எதிராளியின் ஊர் நீதிமன்றம் வரை உங்களை இழுத்துக்கொண்டு போகலாம்.

நோட்டீஸ் தெளிவாக இருக்க வேண்டியதும் முக்கியம். ஒரு ஆவணப்பட இயக்குநர், தன் படத்தின் திருட்டுப் பிரதிகள் ஈபேயில் விற்பதாகப் பொதுவாகக் கடிதம் எழுதிவிட்டு வழக்குக்குப் போனார். எந்த லிஸ்டிங் என்று சரியாகக் காட்டாததால் 2001-இல் தோற்றார். அதனால் அவருடைய ஏல எண், அவர் பக்கத்தில் எத்தனையாவது போட்டோ, அது உங்கள் எந்த ஏலத்தின் எந்தப் போட்டோ என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அவருக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தை முழுதாக, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைல்களை அழிக்காதீர்கள். எந்தக் கேமரா, எந்த நேரம் என்ற விவரம் அதற்குள்ளேயே இருக்கும். தளத்தில் ஏற்றிய படத்தில் பெரும்பாலும் அது இருக்காது. அப்புறம் அவருக்கு ஒரு சின்னச் செய்தி: ‘இந்த ஐந்து படங்களும் நான் எடுத்தவை, இத்தனை மணிக்குள் எடுத்துவிடுங்கள்’ என்றால் போதும். மிரட்டல் வேண்டாம். லிஸ்டிங் போடக் கூலிக்கு ஆள் வைத்திருக்கும் விற்பனையாளர்கள் உண்டு, என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எடுக்கவில்லை என்றால் நோட்டீஸ். ஏலம் முடிய ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் செய்திக்குக் காத்திருக்காமல் நேரே நோட்டீஸ் கொடுங்கள்.

நஷ்டஈடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமை பிறக்கப் பதிவு தேவையில்லை, பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆனால் அமெரிக்காவில் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை சட்டமே நிர்ணயித்த நஷ்டஈட்டைக் கேட்க, மீறல் தொடங்குமுன்போ வெளியிட்ட மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் உண்மையான நஷ்டம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். ஒரு பேனா ஏலத்தில் அது வழக்குச் செலவுக்கே காணாது. ஏலம் இறங்கினாலே உங்களுக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த விளம்பரத் தாள். முதன்முதலில் அமெரிக்காவில், 1978-க்கு முன், காப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானது என்றால் அது காப்புரிமை இல்லாத, யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு நாட்டுத் தாள் என்றால் கணக்கு மாறும். எப்படியிருந்தாலும் அந்தப் பத்தி உங்களுடையது இல்லை. அதைச் சேர்த்துப் புகார் கொடுத்தால் அவருடைய எதிர் நோட்டீஸின் முதல் வரியே அதுவாகத்தான் இருக்கும். புகாரிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். உங்கள் ஏலப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டு, இந்தப் பேனாவில் மசி எப்படி ஏறுகிறது, எவ்வளவு நேரம் மூடி திறந்திருந்தால் நிப் காய்கிறது என்று நீங்கள் பார்த்ததை எழுதிப் போடுங்கள்.

அன்புடன்